கண்ணற்ற உயிர்களும் மனித அறமும்

அறம் எத்துணைத் தூரம் செல்லும் என்ற வினா மிகப் பழையது. குடும்பத்தோடு நின்றுவிடும் அறமும் உண்டு. ஊரோடு நிற்பதும், சாதியோடு நிற்பதும், நாட்டெல்லையோடு நிற்பதும் உண்டு. இவ்வெல்லைகளை ஒவ்வொன்றாக உடைத்து முன்சென்றதே முற்போக்குச் சிந்தனையின் வரலாறு எனலாம். அடிமைக்கும் உரிமை உண்டு என்றபோதும், பெண்ணுக்கும் வாக்கு உண்டு என்றபோதும், தீண்டத்தகாதவன் என ஒதுக்கப்பட்டவனும் பொதுக் கிணற்றில் நீர் அள்ளலாம் என்றபோதும், "இஃது எல்லை கடந்த பேச்சு" எனக் கூறியோர் இருந்தனர். இன்று அவ்வினா மனிதரையும் கடந்து, மனிதக் கண் என்றும் காணாத ஓர் உலகை நோக்கித் திரும்பியுள்ளது. தரைக்குக் கீழே, மணலும் பரலும் சுண்ணக்கல்லும் தம்முள் அடக்கி வைத்திருக்கும் நீரில், கண்ணும் நிறமும் இன்றி, சில மில்லிமீற்றர் நீளமே கொண்டு வாழும் முள்ளந்தண்டிலிகளுக்கு நாம் ஏதேனும் கடமைப்பட்டுள்ளோமா?

நமது நண்பர்களிற் பலர் இவ்வினாவைக் கேட்டதும் நகைப்பர். "தோட்டத் தொழிலாளிக்கு உறைய ஓர் ஒழுங்கான வீடு இல்லை; இவர் நிலத்தடிப் பூச்சிக்கு வழக்காட வந்துவிட்டார்" என்பர். இந்நகைப்பில் நியாயம் இல்லாமலில்லை. வயிறு நிறைந்தோர் வனவிலங்கின்மேல் காட்டும் காதல், பல நாடுகளில் அவ்வனத்தில் வாழ்ந்த ஏழைகளை விரட்டுவதற்கே பயன்பட்டது. ஆகவே இவ்வாட்சேபத்தை ஒதுக்கித் தள்ளாமல், இறுதிவரை நம்மோடு அழைத்துச் செல்வோம். அதற்குமுன் நாம் பேசும் பொருள் யாது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். அறியாத பொருளின்மேற் காட்டும் இரக்கம் வெறும் சொல்லாகவே முடியும்.

தரைக்கீழ்நீர் என்றதும், பாதாளத்தில் ஓடும் ஆறு ஒன்றைப் பலர் கற்பனை செய்கின்றனர். குகைகள் உள்ள சுண்ணக்கல் நாடுகளில் அத்தகைய ஆறுகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் உலகின் தரைக்கீழ்நீரிற் பெரும்பங்கு அவ்வாறு ஓடுவதன்று. மணற்றுணிக்கைகளுக்கிடையே, பரற்கற்களுக்கிடையே, பாறை வெடிப்புகளுக்கிடையே உள்ள சிறு வெளிகளை நிரப்பி நின்று, ஒரு நாளைக்குச் சில மீற்றர், சில இடங்களில் ஓர் ஆண்டுக்குச் சில மீற்றர் என்ற வேகத்தில் அது நகர்கின்றது. பனிக்கட்டியாக உறைந்து கிடப்பதை நீக்கிப் பார்த்தால், உலகின் நன்னீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இவ்விருளிலேயே உள்ளது. ஆறும் குளமும் ஏரியும் எஞ்சிய சிறு பங்கேயாம்.

இந்நீரின் போக்கை அளந்து கூறிய முதல்வர், பிரான்சிலுள்ள டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியியலாளர் ஹென்றி டார்சி. மணல் நிரப்பிய குழாய்களினூடாக நீரைச் செலுத்தி அவர் கண்ட விதி 1856இல் வெளியாயிற்று. நீர்மட்ட வேறுபாடு மிகுந்தால் ஓட்டம் மிகும். கடக்கவேண்டிய தூரம் மிகுந்தால் ஓட்டம் குறையும். இவற்றோடு, அடையலின் தன்மையைப் பொறுத்து ஓட்டம் பன்மடங்கு வேறுபடும். இக்கடைசிக் கூற்றே நமக்கு முக்கியமானது. களிமண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் கனவளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடமாக இருத்தல் கூடும். பரற்படுக்கையில் அத்துணை வெற்றிடம் இராது. எனினும் பரலினூடாக நீர் விரைந்து செல்ல, களியில் அது அசையாது நிற்கின்றது. காரணம், களியிலுள்ள வெளிகள் எண்ணிறந்தவை, ஆயினும் ஒவ்வொன்றும் மிக நுண்ணியது. எவ்வளவு வெளி இருக்கின்றது என்பதிலும், அவ்வெளி எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது, எவ்வாறு ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டுள்ளது என்பதே முதன்மையானது. பொருளியல் கற்ற வாசகருக்கு இதைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வருமாயின், அது என் குற்றமன்று.

அவ்வெளிகளில் உயிர் உண்டு என்பது நெடுங்காலம் அறியப்படவில்லை. பிராக் நகரின் கிணறொன்றிலிருந்து கிடைத்த ஒரு மில்லிமீற்றர் அளவான, கண்ணற்ற, புழுப்போல் நீண்ட ஒரு பிராணியை 1882இல் வெய்டொவ்ஸ்கி என்னும் செக் விலங்கியலாளர் விவரித்தார். பதினெல்லா எனப் பெயர்பெற்ற அது, இறால், நண்டு ஆகியவற்றின் தூரத்து உறவு. அடுத்த அரை நூற்றாண்டுவரை அது ஒரு விந்தையாகவே கருதப்பட்டது. 1930களில் ஸ்கோப்யே நகரத்தில் கரமான் என்பவரும், பின்னர் ருமேனியாவில் ஷப்புயீ என்பவரும், ஆற்றோரப் பரலில் ஒரு குழி தோண்டி, அதில் ஊறும் நீரை மெல்லிய வலையில் வடித்துப் பார்த்தனர். மண்வெட்டியும் வலையும் அன்றி வேறு கருவி வேண்டாத அம்முறை இன்றும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகின்றது. எந்தப் பாடசாலை மாணவனும் செய்து பார்க்கத்தக்கது. ஆற்றுக்கும் தரைக்கீழ்நீருக்கும் இடைப்பட்ட இவ்வடையற்பகுதி, இரண்டிலிருந்தும் வேறான ஒரு தனி வாழிடம் என்பதை 1959இல் ஓர்கிடான் என்னும் ருமேனியர் வரையறுத்துக் கூறினார்.

ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திற் கிடைத்த செய்தி இன்னும் வியப்பானது. பிளாட்ஹெட் ஆற்றின் சமவெளியிலுள்ள கிணறுகளில், ஆங்கிலத்தில் ஸ்ரோன்ஃபிளை எனப்படும், ஆற்றுக் கற்களின் அடியில் வளரும் பூச்சிகளின் அணங்குகள் காணப்பட்டன. ஆற்றிலிருந்து 2 கிலோமீற்றர் அப்பாலுள்ள கிணற்றிலும் அவை இருந்தன. ஸ்ரான்போர்ட், வார்ட் என்னும் இருவர் 1988இல் இதனை விரித்துரைத்தனர். அப்பூச்சிகள் நிறையுருவம் பெறும்போது ஆற்றுக்குத் திரும்பி வந்து, சிறகு பெற்றுப் பறந்து, மீண்டும் ஆற்றிலே முட்டையிடுகின்றன. அப்படியாயின் ஆறு எங்கே முடிகின்றது? நாம் கரை எனக் கூறுவது கண்ணுக்குக் கரையேயன்றி, நீருக்கும் அணங்குக்கும் கரையன்று. பழைய பனிக்கட்டியாறுகளும் வெள்ளங்களும் விட்டுச்சென்ற பருமனான பரற்கற்கள், இடையே அகன்ற வழிகளை விட்டு அடுக்கப்பட்டிருந்தமையாலேயே இந்நெடும்பயணம் கைகூடிற்று. அதே சமவெளியிற் பரலுக்குப் பதிலாக நுண்மணல் படிந்திருப்பின், நீர் இருந்திருக்கும், அணங்கு இராது.

இங்கே அடையலின் அமைப்பும் நீரோட்டமும் எவ்வாறு கூடிச் செயற்படுகின்றன என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். நிலத்தடியிற் சூரிய ஒளி இல்லை. எனவே ஒளித்தொகுப்பும் இல்லை. உணவு முழுவதும், சிற்சில விதிவிலக்குகள் தவிர, மேலிருந்தே வரல் வேண்டும். ஒட்சிசனும் மேலிருந்தே வரல் வேண்டும். இரண்டையும் சுமந்து வருவது நீரே. ஆற்றுப்படுக்கை ஒரே சமதளமாக இராது. ஓரிடத்தில் மேடாகவும் அடுத்த இடத்தில் மடுவாகவும் அமைந்திருக்கும். மேட்டின் தலைப்பக்கத்தில் ஆற்றுநீர் படுக்கைக்குள் இறங்குகின்றது. அதன் கடைப்பக்கத்தில் மீண்டும் மேலே ஊறுகின்றது. இறங்கும் இடத்தில் நீர் குளிர்ந்தும் மூச்சுக்காற்று நிறைந்தும் இருக்கும். அங்கே ஆற்றுக்குரிய பூச்சிகளும் உள்ளே புகுந்து வாழும். ஊறும் இடத்திலோ, நெடுந்தூரம் இருளில் நடந்து, பற்றீரியாக்களால் ஒட்சிசன் உண்ணப்பட்டுக் களைத்து வரும் நீர். அங்கே தரைக்கீழ்நீருக்கே உரிய கண்ணற்ற இனங்கள் மேலெழுந்து தோன்றும். ஒரே ஆற்றில், சில மீற்றர் இடைவெளியில், இரு வேறு குடிகள்.

துணிக்கையின் பருமன் யார் உள்ளே புகலாம் என்பதைத் தீர்மானிக்கின்றது. நீரோட்டம், புகுந்தவர் பிழைக்கலாமா என்பதைத் தீர்மானிக்கின்றது. பரலிடையே ஒரு சென்றிமீற்றர் நீளமான இறாலினப் பிராணியும் நடமாடும். மணலிடையே பதினெல்லா போன்ற நூலுடல் கொண்டவையே நெளிந்து செல்லும். களியில் நுண்ணங்கிகளுக்கே இடம். காடழித்த மலைச்சரிவிலிருந்து கழுவிவரும் சேறு பரலின் வாயை அடைத்துவிட்டால், ஆறு மேலே வழமைபோல் ஓடிக்கொண்டிருக்க, கீழே மூச்சு நின்றுவிடுகின்றது. ஆற்றங்கரையில் நிற்பவன் இதனை அறியான். பாலத்தின்மேல் நின்று பார்த்து, "நீர் தெளிந்துதானே ஓடுகின்றது" என்பான்.

ஆயினும் சூழலே யாவும், உயிர் வெறும் பொம்மை எனக் கூறுவது முரட்டுப் பொருள்முதல்வாதம். புழுக்கள் அடையலைத் துளைத்து நீருக்கு வழி திறக்கின்றன. சிறு பிராணிகள் துணிக்கைகளைப் போர்த்துள்ள பற்றீரியாப் படலத்தை மேய்ந்து, அது தடித்து வழியை அடைத்துவிடாமற் காக்க உதவுகின்றன. அடையல் உயிரை வடிக்கின்றது. உயிரும் தன்னால் இயன்றமட்டும் அடையலைத் திருத்துகின்றது. இதன் அளவு இடத்துக்கிடம் வேறுபடும். பரிசோதனைச் சாலையிற் காட்டப்பட்டதை எல்லா நிலத்துக்கும் அப்படியே நீட்டல் தவறு. ஆனால் உறவு இருதிசைப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இனிக் கண்ணிழந்தமை பற்றி ஒரு வார்த்தை. இருளில் வாழும் பிராணிகள் கண் இழந்ததை, பயன்படுத்தாமையின் விளைவு என டார்வின் 1859இல் எழுதினார். அவருக்குப் பின் வந்தோர் சிலர் அதனோடு நில்லாது, இவை சீரழிந்த உயிர்கள், மேலுலகப் போட்டியில் தோற்று ஓடி ஒளிந்தவை, முதுமையுற்று மறையவேண்டிய வமிசங்கள் எனத் தீர்ப்புக் கூறினர். பிரெஞ்சு அறிஞர் வான்டெல் 1964இலும் ஏறத்தாழ இவ்வாறே வாதித்தார். விஞ்ஞானிகள் இதனை இன்று ஏற்பதில்லை. கண் ஒரு செலவு. இருளில் அச்செலவால் வரவில்லை. பார்வைக்குரிய பரம்பரையலகுகளில் நேரும் விகாரங்களை நீக்குவதற்கு இயற்கைத் தேர்வு அங்கே முனைவதில்லை. மாறாகத் தொடுவுணர்வும் மோப்பவுணர்வும் கூர்மையடைகின்றன. உடல் சிக்கனம் பழகுகின்றது. பிரான்சின் நிலத்தடிநீரில் வாழும் நிபார்கஸ் என்னும் பிராணி 200 நாட்களுக்கு மேல் உணவின்றி உயிர்வாழ வல்லது. மேலுலகில் வாழும் அதன் உறவினர் எதற்கும் இத்திறன் இல்லை. எதனோடு ஒப்பிட்டுச் சீரழிவு என்பது? தன்னை அளவுகோலாக வைத்துப் பிறரைக் குறைபட்டவர் என அளக்கும் இப்பழக்கத்தை, பேரரசுகளின் கீழ் வாழ்ந்த மக்கள் வேறு சந்தர்ப்பங்களில் நன்கு அறிவர். "பின்தங்கியோர்", "தேய்ந்த இனத்தோர்" எனத் தம்மைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை அவர்களும் படிக்க நேர்ந்ததுண்டு.

இப்போது மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். மேலே கேட்ட வினா அங்கே ஏட்டுச் சுரைக்காயாக இல்லாது, அரசாங்கத்தின் மேசையிலும் நீதிமன்றத்திலும் ஏறிய வினாவாயிற்று.

அம்மாநிலத்தின் வறண்ட உட்பகுதியில், மிகப் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மண்ணால் மூடுண்டு கிடக்கின்றன. அவற்றின் வழியே உப்பேரிகளை நோக்கி மெல்ல நகரும் தரைக்கீழ்நீர், வெயிலில் ஆவியாக, அதிற் கரைந்திருந்த கல்சியம் காபனேற்று மேல்மட்டத்திலே படிந்து ஒருவகைச் சுண்ணப் பாறையாக இறுகியுள்ளது. கல்கிறீற் எனப்படும் அப்பாறை பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது. ஆனால் அது தொடர்ச்சியாகக் கிடப்பதில்லை. ஒரு திட்டு, பின்னர் பல கிலோமீற்றருக்குக் களியும் நுண்மண்ணும், பின்னர் மற்றொரு திட்டு. களியைக் கடந்து எந்தப் பிராணியும் செல்ல இயலாது. எனவே ஒவ்வொரு திட்டும், கடல் சூழ்ந்த தீவுபோலக் களி சூழ்ந்த தீவாகும்.

1990களின் இறுதியில் இத்திட்டுகளில் கண்ணற்ற நீர்வண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. இதுவரை நூறளவான இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஒரு திட்டிலுள்ள இனம் பெரும்பாலும் மற்றொரு திட்டில் இல்லை. பரம்பரையலகுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், அக்கண்டம் வறளத் தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 50 முதல் 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், மேலே குளங்கள் வற்ற வற்ற, இவற்றின் முன்னோர் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே நிலத்தடிக்கு இறங்கினர் எனத் தெரிகின்றது. மேலுலக நீர்வண்டு மூச்செடுக்க நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இவையோ தோலினூடாகவே நீரிலுள்ள ஒட்சிசனைப் பெறப் பழகிவிட்டன. பாலைவனமானபோது ஊரைவிட்டுப் போகாது, ஊருக்குள்ளேயே கீழிறங்கிய குடிகள் என இவற்றைக் கூறலாம்.

வைலூனா என்னும் ஊருக்குத் தென்மேற்கேயுள்ள யீலிரியில் இத்தகைய கல்கிறீற் திட்டொன்று உண்டு. அதே பாறையில் யுரேனியமும் உண்டு. தரைக்கீழ்நீர் எவ்விதிப்படி சுண்ணத்தைப் படியச் செய்ததோ, ஏறத்தாழ அவ்விதிப்படியே யுரேனியக் கனியத்தையும் அங்கு கொண்டுவந்து சேர்த்தது. வண்டுக்கு வீடு கட்டிய கையே கம்பனிக்குப் புதையலும் வைத்தது. 1972இல் அக்கனியம் கண்டறியப்பட்டது. பல கைகள் மாறி, 2012இல் கமெகோ என்னும் கனடாக் கம்பனி அதனை 43 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கிற்று. தோண்டவேண்டுமாயின் முதலில் நீரை இறைத்து வற்றவைத்தல் வேண்டும். பின்னர் பாறையையே அகற்றல் வேண்டும்.

மாநிலத்தின் சுற்றாடற் பாதுகாப்பு அதிகாரசபை 2016 ஓகஸ்டில் தன் முடிவைக் கூறிற்று. மற்றைய விடயங்களை நிபந்தனைகளால் சமாளிக்கலாம். ஆனால் நிலத்தடிப் பிராணிகளைப் பொறுத்தவரை, வேறெங்கும் காணப்படாத இனங்கள் அற்றுப்போகும் ஆபத்து உண்டு. எனவே இத்திட்டம் அங்கீகரிக்கப்படலாகாது. ஒரு பெரும் முதலீட்டை, கண்ணுக்குத் தெரியாத சில பிராணிகளின் பொருட்டு மறுக்குமாறு ஓர் அரச சபை ஆலோசனை கூறியமை சிறு காரியமன்று. ஆனால் 2017 சனவரியில், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருந்தபோது, அமைச்சர் அனுமதி வழங்கினார். பரந்த பொருளாதார, சமூக நன்மைகளை அவர் காரணமாகக் காட்டினார். அந்நிலத்தின் மூத்த குடிகளான ச்சிவால் மக்களுட் பெண்கள் மூவரும், மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்பு மன்றமும் வழக்குத் தொடுத்தனர். 2018இல் மாநில உயர் நீதிமன்றமும், 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளின. அதிகாரசபையின் கூற்று ஆலோசனை மட்டுமே. அதனைக் கேட்பதும் கேளாதொழிவதும் அமைச்சரின் அதிகாரத்துள் அடங்கும் என்பதே சட்டநிலை. ஓர் இனம் அற்றுப்போகும் எனத் தெரிந்தும் அனுமதி வழங்கலாம் என அச்சட்டத்தின்கீழ் ஆயிற்று.

இவ்விடத்தில் நம் நண்பரின் ஆட்சேபத்துக்குத் திரும்புவோம். "மனிதனா, பூச்சியா?" என்பது அவர் வினா. யீலிரியில் மனிதர் யார்? அந்நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, அதன் கதைகளைப் பாதுகாத்து, சுரங்கம் வேண்டாம் என நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூறிவந்த மக்கள் ஒருபுறம். வேறொரு கண்டத்திலிருந்து வந்த பங்குதாரர் நலன் மறுபுறம். பூச்சி எந்தப் பக்கத்தில் நின்றது என்பதைக் கூறவேண்டியதில்லை. மக்களுடைய மறுப்பைச் சட்டம் தடையாகக் கொள்ளவில்லை. பூச்சியின் அழிவையோ ஒரு "விடயமாக" ஏற்று ஆராய்ந்து, பின்னர் புறக்கணித்தது. இருவரையும் புறக்கணித்த கை ஒன்றே. "மனிதனா பூச்சியா" என வினவுவோர், பெரும்பாலும் மனிதனையும் காப்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆனால் இவ்வளவில் வெற்றி முழங்குதல் நேர்மையாகாது. எல்லா இடத்தும் ஏழையும் பூச்சியும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. கொடிய வரட்சியில் ஒரு கிராமம் குழாய்க்கிணறு தோண்டுகின்றது, நீர்ப்பீடம் இறங்குகின்றது, நிலத்தடிப் பிராணிகள் மடிகின்றன. என் செய்வது? குடிநீருக்குத் தவிக்கும் குழந்தையே முதலில் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் விடை அத்துடன் முடிவதில்லை. நீர்ப்பீடம் ஒரு மீற்றர் இறங்கியது என்பது எங்கும் ஒரே பொருள் தருவதன்று. கீழே தடித்த பரற்படுக்கை தொடர்ந்து இருப்பின், பிராணிகள் நீரோடு இறங்கி, மாரியில் நீரோடு ஏறும். இயற்கையான ஏற்ற இறக்கத்துக்கு அவை பழகியவையே. ஆனால் கல்கிறீற் போன்ற மெல்லிய திட்டாயின், அதன்கீழ்க் களியாயின், அவ்வொரு மீற்றரே முழு உலகமாகும். ஒரே செயல் ஓரிடத்தில் தீங்கற்றது. மற்றோரிடத்தில் ஓர் இனத்தின் இறுதி. இருப்பதைக் கொண்டு இருக்கவேண்டியதை நிறுவ முடியாது என டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை சரியே. எனினும் இருப்பதை அறியாது இருக்கவேண்டியதைப் பற்றிப் பேசவும் முடியாது என்பதை இந்நிலத்தடி உலகம் காட்டுகின்றது.

பயன் கருதிய வாதம் ஒன்றும் உண்டு. இவை நீரைத் தூய்மைப்படுத்த உதவுகின்றன. ஆதலால் காப்போம் என்பர். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் மட்டும் நிற்கவும் விரும்பவில்லை. நாளை ஓர் இயந்திரம் அதே வேலையை மலிவாகச் செய்தால், அவ்வாதத்தின்படி பிராணியை விலக்கிவிடலாம். தொழிலாளியைப் பற்றியும் முதலாளி இவ்வாறே கணக்கிடுகின்றான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மற்றொரு வாதம், துன்பத்தை அடிப்படையாகக் கொண்டது. பெந்தம் 1789இல் தொட்டு, பீற்றர் சிங்கர் 1975இல் விரித்துரைத்த வழி அது. பசுவுக்கும் நாய்க்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு மில்லிமீற்றர் உடலுள் எத்தகைய துன்பம் உணரப்படுகின்றது என்பதை வைத்து வழக்காடுவது, நிலமற்ற இடத்தில் தூண் நாட்டுவது போன்றது.

என் கருத்து வேறு. இங்கு எழும் முதன்மையான வினா, மீட்க இயலாத ஒன்றைச் செய்ய யாருக்கு அதிகாரம் உண்டு என்பதே. ஐம்பது இலட்சம் ஆண்டுகள் தனிவழியே நடந்து வந்த ஒன்றை, இருபது அல்லது முப்பது ஆண்டு வருமானத்தின் பொருட்டு முடித்துவைக்கும் உரிமையை எந்தத் தலைமுறையும் பெற்றுக்கொள்ளவில்லை. பெற்றதாக நடிக்கும் தலைமுறை, தனக்குப் பின் வருவோரின் சொத்தை விற்கின்றது. சுரங்கம் மூடப்பட்டபின் நீர் திரும்பி வரலாம்; அகற்றிய பாறையின் துளைகள் திரும்பி வரா. சில முட்டைகளே இட்டு, மெல்ல வளர்ந்து, நெடுங்காலம் வாழும் இவ்வுயிர்கள், அழிந்த இடத்தை விரைந்து நிரப்பும் இயல்பினவும் அல்ல. நிரப்புவதற்கு அயலிலிருந்து வரவும் வழியில்லை, இடையே களி.

நிரூபிக்கும் பொறுப்பு யார்மேல் என்பதும் அறவினாவே. இத்தகைய வழக்குகளிற் கம்பனிகள் வழமையாகக் கூறும் வாதம் ஒன்று உண்டு: "குழி தோண்டும் எல்லைக்குள் மட்டுமே இவ்வினம் கிடைத்தது உண்மை, ஆனால் எல்லைக்கு அப்பாலும் அதே பாறை தொடர்கின்றது, ஆகவே அங்கும் அது இருத்தல் வேண்டும்." பாறையின் தொடர்ச்சி உண்மையாயின் இவ்வாதத்தில் வலு உண்டு. ஆனால் வரைபடத்தில் ஒரே நிறம் தீட்டப்பட்ட பாறை, உள்ளே ஒரே துளையமைப்பு உடையது என எவ்வாறு துணிவது? கனியம் தேடுவோர் துளைத்த துளைகளில் வலையை இறக்கியே இப்பிராணிகள் பெரும்பாலும் சேகரிக்கப்படுகின்றன. எனவே எங்கே கனியம் உண்டோ அங்கே துளைகள் மிகுதி, அறிவும் மிகுதி. எங்கே இலாபம் இல்லையோ அங்கே அறியாமை. நம் அறிவின் வரைபடமே மூலதனத்தின் வரைபடமாக அமைந்துவிடும்போது, "வேறெங்கும் இருக்கலாம்" என்ற ஐயத்தின் பலன் மூலதனத்துக்கே சேர்தல் நியாயமன்று. மீட்க இயலாததைச் செய்ய முனைபவனே, அது அழியாது என்பதை நிறுவக் கடமைப்பட்டவன்.

யாழ்ப்பாணத்து வாசகர் இதனைத் தூரதேசச் செய்தி எனக் கொள்ளமாட்டார். அக்குடாநாடும் துளை நிறைந்த சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறின்றி, மாரிமழையையே நம்பி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரையே உண்டு வாழ்வது. நிலாவரையின் ஆழத்தை எட்டிப் பார்த்தவர்க்குப் பாறை என்பது திண்ணியதன்று என்பதை எடுத்துக்கூற வேண்டியதில்லை. மேலே ஓரிடத்தில் ஊற்றியது கீழே எங்கோ ஓரிடத்தில் தோன்றும். கிணறு ஒருவன் வளவில் இருக்கலாம். நீர் அவன் வளவுக்குள் நிற்பதில்லை. சாதியின் பெயரால் கிணற்றைக் காவல் செய்தோர் காத்தது கயிற்றையும் வாளியையுமே. நீர் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கீழே ஒன்றாகவே கிடந்தது.

யீலிரியில் இதுவரை சுரங்கம் தோண்டப்படவில்லை. உலகச் சந்தையில் யுரேனியத்தின் விலை வீழ்ந்து கிடந்தமையால் கம்பனி அவசரப்படவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் வேலை கணிசமாகத் தொடங்கப்படல் வேண்டும் என்பது மாநில அனுமதியின் நிபந்தனை. அக்காலம் 2022 சனவரியில் முடிந்தது. காலத்தை நீடிக்குமாறு கம்பனி கேட்டது. அவ்வாண்டிலேயே மாநில அரசு மறுத்துவிட்டது. 2019இல் மத்திய அரசு வழங்கிய அனுமதியோ நெடுங்காலத்துக்குரியது. மாநிலத்தில் வேறொரு அரசு வந்தால் புதிய விண்ணப்பம் எழக்கூடும். வண்டுகளைக் காத்தது நீதிமன்றமன்று, அமைச்சருமன்று, சந்தையின் சோர்வும், விடாது எதிர்த்து நின்ற மக்களும், ஒரு காலக்கெடுவும் தாம். சந்தை மீண்டும் சுறுசுறுப்பு அடையும் நாளில் அக்காலக்கெடுவும் இராது. அம்மக்கள் மட்டும் இருப்பர்.